அம்மாவின் ஷிஃப்டில் மட்டும் காலி

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கட்டளை வரி பற்றிய அந்தத் தடித்த புத்தகத்தை நூலகத்தில் இன்னொரு முறை என் கணக்கில் போட்டுக்கொண்டேன். மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் எழுத்தாகவே எழுதிக் கணினியை வேலை வாங்கக் கற்றுத்தரும் புத்தகம். "உன்னத் தவிர ஒருத்தரும் இதத் தொடறதில்ல. தலைக்கு வெச்சுப் படுக்கவா எடுத்துட்டுப் போற?" என்றார் நூலகர். நான் ஏழாம் அத்தியாயம் வரை வந்துவிட்டேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் தற்பெருமை போல இருக்கும்.

அம்மா வேலையிலிருந்து வந்ததும் குளியலறைக்குப் போனாள். வெகுநேரம் குழாய்ச் சத்தமே கேட்கவில்லை. உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாள்?

ஆகஸ்ட் 8, வியாழன்

பாதி தெரிந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்தில் வரலாறு படித்தேன். அதாவது, ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன்.

அம்மா வேலை செய்வது மருந்துகளைக் குளிரில் வைக்கும் கிடங்கில். நான்கு குளிர் அறைகள். அங்கே இருக்கும் கணினியில் ஒரு பழைய ப்ரோகிராம் "எந்த அறை?" என்று கேட்கும். எண்ணை அடித்தால் அந்த அறையின் வெப்பநிலையைச் சொல்லும். மறுபடியும் "எந்த அறை?" என்று கேட்கும். காலை, மதியம், இரவு என மூன்று ஷிஃப்ட்காரர்களும் இப்படிக் கேட்டுக் கேட்டு, சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதுவார்கள். அடுத்த ஷிஃப்ட் வந்ததும் பலகையைத் துடைத்துவிடுவார்கள்.

போன மாதம் மேலாளரின் அக்கா மகன் வந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தான். கல்லூரியில் கணினி படிக்கிறான். அங்கே எல்லோரும் அவனைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுகிறார்கள், முகத்தில் பாதி கண்ணாடிதானாம். ஷிஃப்ட் தொடங்கும்போது ஓர் ஐகானை அழுத்தினால் போதும். ஒரு கறுப்பு விண்டோ திறக்கும். மனிதர் அடிப்பதுபோல ஸ்கிரிப்டே அடிக்கடி ப்ரோகிராமிடம் கேள்வி கேட்டு, பதில்களை ஒரு ஃபைலில் சேர்த்து வைக்கும். ஷிஃப்டுக்கு ஒரு ஃபைல். எட்டு மணி நேரம் ஆனதும் கேள்வி நின்றுவிடும்.

இப்போது மூன்றாம் அறையில் இருந்த தடுப்பூசிகள் சூடாகிக் கெட்டுப்போயிருக்கின்றன. ஃபைல்களைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். மதிய ஷிஃப்ட் நிறைய இருக்கிறது. இரவு ஷிஃப்டும் நிறைய இருக்கிறது. காலை ஷிஃப்ட் மட்டும் காலி. ஒரு நாள் இல்லை, எல்லா நாளும்.

"ஐகானக்கூட அழுத்தாம, போர்டுல வாய்க்கு வந்த நம்பர எழுதியிருக்கீங்கன்னு சொல்றாரு," என்றாள் அம்மா. மாதக் கடைசிக்குள் விளக்கம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேலை போகும். இப்படிப் பெயர் கெட்டு வெளியே வந்தவளை வேறு எந்த மருந்துக் கிடங்கும் எடுக்காது.

அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். எதையும் கேலியாக்கித்தான் ஆறுதல் சொல்வார். "உனக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு உங்க மேனேஜருக்கு யாராச்சும் சொல்லுங்கப்பா. பொய் சொன்னா இவளுக்குக் காது செவந்துடும். கல்யாணமான புதுசுல, உங்க சமையல் பிரமாதம்னு எங்கம்மாகிட்ட சொன்னா பாரு, ரெண்டு காதும் தக்காளி."

அம்மா சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஐகான தினமும் அழுத்தினியாம்மா?"

"அழுத்தினேன்."

"ஒரு நாள்கூட மறக்கலயா?"

"நீ என்ன, போலீஸா? அழுத்தினேன்னா அழுத்தினேன்தான்."

முடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். காது தெரியவில்லை.

என் சந்தேகமெல்லாம் கண்ணாடி மேல்தான். ஃபைல்களை எடுப்பவன் அவன். அழிப்பதும் அவனால் முடியும். ஆனால் ஏன் அழிக்க வேண்டும்? அம்மாவை அவன் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறான். எனக்குத் தெரியாத ஏதாவது இருக்கலாம். யாரையாவது அந்த வேலையில் வைக்க நினைக்கிறார்களோ?

ஆகஸ்ட் 12, திங்கள்

மேலாளர் ஒரு பென் டிரைவ் கொடுத்து அனுப்பியிருக்கிறார். "வீட்டுல படிச்சவங்க யாராச்சும் இருந்தா காட்டுங்க" என்றாராம். குத்தல்தான். ஆனாலும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

அப்பாவுக்கு ஓர் அலுவலகத்தில் சும்மா கொடுத்த பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் சின்னதுதான். கேள்விகளைப் ப்ரோகிராமுக்குள் ஊட்டுகிறது, வெளியே வருவதை ஃபைலுக்குத் திருப்பிவிடுகிறது. எனக்குப் புரிந்தவரையில் இதில் தப்பே இல்லை. புத்தகத்தில் இருக்கும் உதாரணம் மாதிரியே இருக்கிறது.

பிறகு காலை ஷிஃப்ட் ஃபைல்களைப் பார்த்தேன். அளவு பூஜ்யம். ஆனால் ஃபைல்கள் இருக்கின்றன! ஐகானை அழுத்தாவிட்டால் ஃபைலே உருவாகியிருக்காது. எல்லாம் காலையில், அம்மாவின் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் நேரத்தில் உருவானவை. அப்படியென்றால் அழுத்தியிருக்கிறாள். அம்மா சொன்னது நிஜம். ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன். கடைசியாக எழுதப்பட்ட நேரம் என்று ஒன்று காட்டுகிறதே, அதுவும் அதே காலை நேரம்தான். உருவானதற்குப் பிறகு ஓர் எழுத்தும் உள்ளே போகவில்லை. யாராவது பிறகு அழித்திருந்தால் அந்த நேரம் மாறியிருக்கும். கண்ணாடி அழிக்கவில்லை.

அழுத்திவிட்டு உடனே மூடிவிட்டாளா? ஏன்? தன் ஷிஃப்டில் வெப்பநிலை பதிவாகக் கூடாது என்று நினைக்கிறவர்கள்தானே அப்படிச் செய்வார்கள்?

நான் என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எழுதவே பயமாக இருக்கிறது. இன்று பள்ளி அரைநாள்தான். வீட்டில் சொல்லவில்லை. அம்மாவின் கிடங்குக்குப் போனேன். உள்ளே இல்லை, எதிரே. ஜெராக்ஸ் கடையில் வரலாற்று நோட்ஸ் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவு வழியாகக் கிடங்கின் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னும் எத்தன காப்பி?" என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மருந்து லாரி வந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா வெளியே வந்தாள். தலைக்குக் குல்லா, தடித்த குளிர்க்கோட்டு. வெயிலில் அந்தக் கோட்டோடு நின்று லாரி டிரைவரிடம் பேசினாள். வெகுநேரம். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அவர் ஏதோ சொன்னார், அம்மா சிரித்தாள். வீட்டில் இந்த வாரம் முழுவதும் சிரிக்காதவள்.

வேலை நேரத்தில் உள்ளே இல்லாமல் இங்கே என்ன? அந்த ஆள் யார்? அந்த நேரத்தில் அறைகளை யார் பார்க்கிறார்கள்? யாரும் இல்லையா? அப்ப மேனேஜர் சொல்றதுதான் நெசமா? போர்டுல சும்மாதான் எழுதறியாம்மா?

ஆகஸ்ட் 14, புதன்

எதுவும் கேட்கவில்லை. அம்மா என் தட்டைப் பார்த்து, "ஏன், நல்லா இல்லையா?" என்றாள். நல்லா இருக்கு என்றேன். என் காது சிவந்ததா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மாதிரிக்காக நானே ஒரு குட்டிப் ப்ரோகிராம் எழுதியிருந்தேன். அதுவும் "எந்த அறை?" என்று கேட்கும், ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லும். கண்ணாடியின் ஸ்கிரிப்டை அதோடு இணைத்து, பதில்கள் ஃபைலுக்குப் போகும்படி ஓடவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போனேன். திரும்பி வந்தால் விண்டோவைக் காணோம்.

"யாரு இத மூடினது?"

"நான்தான். மேச தொடச்சேன்," என்றாள் அம்மா. "கறுப்பா, ஒண்ணுமே இல்லாம தொறந்து கெடந்துச்சு. மூலையில பெருக்கல் குறி இருந்துச்சு, அழுத்தினேன். ஏன், எதாச்சும் போயிடுச்சா?"

"சொல்லாம எதுக்குத் தொடற? எவ்வளவு நேரமா ஓடிட்டிருந்துச்சு தெரியுமா..."

கத்திக்கொண்டே ஃபைலைத் திறந்தேன். அளவு பூஜ்யம். கடைசியாக எழுதிய நேரம், நான் ஓடவிட்ட அதே நேரம்.

மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.

அத்தனை நேரம் ஓடியிருக்கிறது. அதற்கு முன் ஃபைலுக்குத் திருப்பாமல் ஒரு முறை ஓடவிட்டு, அது கேள்வி கேட்பதை என் கண்ணாலேயே சரிபார்த்திருந்தேன். ஆனாலும் பூஜ்யம்.

"அம்மா. வேலையிலயும் ஷிஃப்ட் முடிஞ்சதும் இப்படித்தான் மூடுவியா?"

"பின்ன? நாம தொறந்தத நாமதானே மூடிட்டு வரணும். அந்த ரெண்டு பேரும்தான் அப்படியே போட்டுட்டுப் போவாங்க. சாயங்காலம் அந்தப் பையன் வந்து ஒவ்வொண்ணா முடிச்சு வெப்பான்."

"உனக்கு அத எப்படி முடிக்கணும்னு யாரும் சொல்லலயா?"

"ஐகான அழுத்துங்கன்னு சொன்னாங்க. அதோட சரி."

ஆகஸ்ட் 19, திங்கள்

மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் டீச்சரிடம் அனுமதி வாங்கி, லேபில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன்.

ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, முறைப்படி 'முடி' என்று சொல்லி நிறுத்தினால் ஃபைலில் எல்லாம் இருக்கிறது. அதே ப்ரோகிராமைப் பெருக்கல் குறியை அழுத்தி மூடினால் ஒன்றுமே இல்லை. ஃபைலுக்குத் திருப்பாமல் திரையிலேயே ஓடவிட்டால் ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் வருகிறது.

"அது ஒண்ணும் மாயம் இல்லடி," என்றார் டீச்சர். "ப்ரோகிராம் தொடங்கும்போதே எதிர்ல டெர்மினல், அதாவது ஆள் பாக்கற திரை, இருக்கான்னு பாத்துக்கும். இருந்தா, ஆள் காத்திட்டிருக்காங்கன்னு வரிவரியாப் பேசும். ஃபைல்தான்னா, அவசரமில்லன்னு எல்லாத்தையும் மெமரியில சேத்து வெச்சுக்கும். நெறைஞ்சாலோ, ஒழுங்கா முடிஞ்சாலோதான் மொத்தமா எழுதும்."

வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வாய் நிறையும் முன் கழுத்தை நெரித்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. அம்மாவின் எட்டு மணி நேரமும் அதன் வாய் நிறையப் போதவில்லை. தினமும் கழுத்தை நெரித்துவிட்டு, ஒழுங்காகத் திறந்ததை மூடிவிட்ட நிம்மதியோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

யாரோ பார்க்கிறார்கள் என்றால் ஒரு மாதிரி, பார்க்கவில்லை என்றால் வேறு மாதிரி. ப்ரோகிராம்களுக்கே இந்தக் குணம் இருக்கிறது என்றால் நான் யாரை நம்புவது?

ஆகஸ்ட் 21, புதன்

இதற்கு மருந்தும் புத்தகத்திலேயே இருக்கிறது, நான் இன்னும் வராத அத்தியாயத்தில். ஒரு பொய் டெர்மினலை உண்டாக்கி, ப்ரோகிராமை அதற்குள் உட்கார வைக்கும் கட்டளை. எதிரே திரை இருப்பதாக நம்பி அது வரிவரியாகப் பேசும். பேசுவதை எல்லாம் பின்னாலிருந்து அப்போதைக்கப்போது ஃபைலில் எழுதிக்கொள்ளலாம். பாதியில் மூடினாலும் அதுவரை பேசியது போகாது. செய்து பார்த்தேன், பெருக்கல் குறியை நானே அழுத்தினேன், எல்லா வரிகளும் இருந்தன. ஏமாற்றித்தான் உண்மையை வாங்க வேண்டும் போல.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. காலி ஃபைல் எதையும் காட்டவில்லை என்றால் இரண்டு பக்கமும்தான் காட்டவில்லை. அம்மா அறைகளைப் பார்க்கவில்லை என்றும் காட்டாது. பார்த்தாள் என்றும் காட்டாது. லாரி டிரைவரோடு நின்று சிரித்தது அப்படியேதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 24, சனி

அம்மாவோடு கிடங்குக்குப் போனேன். மேலாளர் அறையில் கண்ணாடியும் இருந்தான். அவன் போட்டிருந்த கண்ணாடி நிஜமாகவே பெரியது.

நான் லேப்டாப்பில் காட்டிக்கொண்டிருக்கும்போதே மேலாளர், "பாப்பா, இதெல்லாம் அம்மா சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார்.

"அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது சார்."

"அப்ப யாரு சொல்லிக் குடுத்தது?"

"புத்தகம் சார்."

கண்ணாடிக்கு முகம் கடுத்துவிட்டது. "அப்ப நான் எழுதினது தப்புன்னு சொல்றியா? நான் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் குடுத்தேன்."

"டெஸ்ட் பண்ணப்ப எப்படி முடிச்சீங்கண்ணா?"

எழுந்து கிடங்குக் கணினிக்குப் போனான். ஐகானை அழுத்தினான். காத்திருந்தான். பெருக்கல் குறியை அழுத்தினான். ஃபைலைத் திறந்தான். மறுபடியும் அதையே செய்தான். மூன்றாவது முறைக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தபடி, "மாமா, ஃபைல் காலியா இருந்தா ஓடலன்னு அர்த்தம் இல்ல," என்றான். நான் அவனைப் பற்றி 9ஆம் தேதி எழுதியதை அடிக்கவில்லை. எழுதியது எழுதியதாக இருக்கட்டும்.

"சரி, ஓடியிருக்கலாம்," என்றார் மேலாளர். "ரூம் சூடானது சூடானதுதானே? காலையில இவங்கதானே இருந்தாங்க?"

திங்கள் முதல் என் முறையில் பதிவு செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. கண்ணாடி தன் ஸ்கிரிப்டில் பொய் டெர்மினலைச் சேர்த்தான். அம்மா என் பக்கத்திலேயே நின்றாள். வெளியே வரும்போது என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்று காலை அம்மா செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது. இனி எப்படி மூடினாலும் பதிவாகும். அம்மா நிஜமாகவே ஏதாவது தப்பு செய்துகொண்டிருந்தால் மாட்டிக்கொள்வாள். அவளைக் காப்பாற்றப் போகிறேன் என்று நான் செய்து கொடுத்தது பொறியா?

எனக்கு அவள் மேல் நம்பிக்கை இருந்தால் இந்த யோசனையே வந்திருக்காது, இல்லையா?

ஆகஸ்ட் 29, வியாழன்

பள்ளியில் எதுவும் ஏறவில்லை. அப்பா, "உன் மூஞ்சியப் பாத்தா நாலாவது மாடில மாட்டிக்கிட்ட லிஃப்ட் மாதிரி இருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 31, சனி

மேலாளர் கூப்பிட்டிருந்தார். என்னையும் அழைத்துவரச் சொன்னாராம்.

கண்ணாடி ஃபைல்களைத் தாளில் அச்சடித்து வைத்திருந்தான். காலை ஷிஃப்ட், எல்லா நாளும், வரிவரியாக. முதல் இரண்டு அறைகளும் நான்காவதும் அசையவில்லை. மூன்றாம் அறை மட்டும் லாரி வந்த நாட்களில், லாரி நிற்கும் நேரத்தில் ஏறுகிறது. லாரி போன பிறகு மெல்ல இறங்குகிறது. சரக்கு இறக்குகிறவர்கள் மூன்றாம் அறையின் கதவுக்கு ஒரு பெட்டியை முட்டுக் கொடுத்துவிட்டு, போய் வந்து போய் வந்து அடுக்குகிறார்கள். லாரி காலையில் மட்டும்தான் வரும். மதிய ஷிஃப்டிலும் இரவிலும் ஏறாததற்குக் காரணம் அதுதான்.

"இத நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே," என்றார் மேலாளர்.

"சொன்னேன் சார். போர்டுல செவப்புல எழுதிக் காட்டினேன். ஆடிட்டுக்கு ஆள் வராங்க, போர்டத் தொடச்சு வைங்கன்னு சொன்னீங்க."

மேலாளர் தாளைப் புரட்டினார். முன்னால் இருந்த தாளையே மறுபடி புரட்டினார். "சரிம்மா, நீங்க திங்கக்கெழம வழக்கம்போல வந்துடுங்க," என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் எழவில்லை. அதைக் கண்ணாடிதான் வாசல்வரை வந்து, "ஸாரி ஆன்ட்டி, எப்படி மூடணும்னு நான் சொல்லியிருக்கணும்" என்று சொன்னான்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பறப்பது போல இருந்தது. அம்மா பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அந்த டிரைவர்கிட்ட எத்தன தடவ கெஞ்சினேன் தெரியுமா, உங்க ஆளுங்க கதவுக்கு முட்டுக் குடுக்காமப் பாத்துக்கங்கண்ணேன்னு. கோவமா சொன்னா அந்தாளு காதுலயே போட்டுக்க மாட்டான். சிரிச்சுப் பேசினாத்தான் ரெண்டு நாளாச்சும் கேப்பான். அன்னைக்குக்கூட வெயில்ல நின்னு பல்லக் காட்டிட்டிருந்தேன்."

"என்னைக்கும்மா?"

"நீ எதிர்ல ஜெராக்ஸ் கடையில நின்ன அன்னைக்கு."

முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தியா?"

"பள்ளிக்கூட டிரெஸ்ஸு, உன் பச்சப் பை. எனக்குத் தெரியாதா?"

"ஏம்மா அப்பவே கேக்கல?"

"என்னன்னு கேக்கறது? நீ என்னத்துக்கு வந்தேன்னு எனக்குப் புரிஞ்சுது." டிக்கெட்டை நாலாக மடித்தாள். "அன்னைக்கு உன்னப் பாத்தப்பறம், மேனேஜர் கத்தினதுகூட எனக்கு ஒண்ணும் பெருசாத் தெரியல."

மன்னிச்சுக்கோம்மா என்றேன். "எதுக்கு? நீ இல்லன்னா என் வேல போயிருக்கும்," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லை.

செப்டம்பர் 2, திங்கள்

அம்மா வேலைக்குப் போனாள். அப்பா காலையிலேயே எனக்குச் 'சிஐடி' என்று பட்டம் வைத்துவிட்டார். அம்மா, "அப்படிக் கூப்பிடாதீங்க" என்றாள்.

செப்டம்பர் 7, சனி

நான் மேசையில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வழக்கமாக, "கதவச் சாத்திக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள்.

"முக்குக் கடைக்குப் போறேன். சோப்பு தீந்துடுச்சு. அப்படியே தையக்காரம்மாகிட்ட உன் பாவாடையக் கேட்டுட்டு, நேரா வந்துடுவேன்."

நான் எங்கே என்று கேட்கவில்லை. சரிம்மா என்றேன். இந்த வாரத்தில் எத்தனையோ முறை இப்படிச் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுக்குப் போனாலும் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று சொல்கிறாள். முதலில் சும்மா பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே, "தையக்காரம்மா வீட்டுல இல்ல, அவங்க மருமக உக்காரச் சொன்னா, அதான் லேட்டு," என்றாள்.

"நான் ஒண்ணும் கேக்கலயேம்மா."

"தெரியும். சும்மா சொன்னேன்."

பிறகு பையிலிருந்து சோப்பை எடுத்து, என் புத்தகத்தின் பக்கத்தில், நான் பார்க்கும்படி வைத்துவிட்டு உள்ளே போனாள்.